க்வெட்லின்பர்க்கில் ஒரு மரச்சட்ட வீடும் அதன்மேல் பூசிய சிமென்ட்டும்

ஜெர்மனியில் பழைய ஃபாக்வெர்க் வீடு ஒன்றை வாங்கிச் சரிசெய்து குடியிருக்க முடியுமா என்று இங்கே இருக்கிற தமிழ் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். படங்களில் பார்த்திருப்பீர்கள், வெள்ளைச் சுவரில் கறுப்பாகவோ சிவப்பாகவோ மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பார்க்க அலங்காரம் மாதிரி இருந்தாலும் அந்தச் சட்டங்கள்தான் வீடே. தூணும் உத்திரமும் சாய்வுச் சட்டமும் சேர்ந்து கூரைவரைக்கும் எடையைத் தாங்குகின்றன, இடையில் உள்ள கட்டங்களை அடைத்திருக்கும் மண்ணுக்கும் செங்கல்லுக்கும் அந்த வேலை கிடையாது. ஒரு கட்டத்தின் மண்ணை முழுசாகப் பெயர்த்தெடுத்தாலும் வீடு நிற்கும். ஆனால் எல்லாத் தூண்களுக்கும் அடியில் படுத்துக் கிடக்கிற அந்த ஒரு அடிச்சட்டம் இற்றுப்போனால் மேலே உள்ள மாடிகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க ஆரம்பிக்கும். வாங்கப் போகிறவர்கள் ஜன்னலையும் மாடிப்படியையும் ரசித்துக்கொண்டு நிற்பார்கள்; பார்க்க வேண்டிய இடம் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது.

நானும் மனைவியும் வாங்கியது க்வெட்லின்பர்க்கில், ஹார்ஸ் மலைக்கு வடக்கே இருக்கிற சின்ன ஊர். வீடு இருப்பது புதுநகரம் என்ற பகுதியில். பெயர்தான் புது, உருவாகி எண்ணூறு வருடம் ஆகிறது. ஊரின் கதை அதற்கும் முந்தையது. 919-ல் ராஜாவான முதலாம் ஹைன்ரிஹ் இங்கே அடிக்கடி தங்கினார், ஊரின் பெயர் 922-ல் ஆவணத்தில் வருகிறது, 936-ல் அவர் இறந்ததும் அவர் மனைவி மட்டில்டா குன்றின்மேல் உயர்குடிப் பெண்களுக்கான மடத்தைத் தொடங்கினார். அதற்கப்புறம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்த ஊர் மடத்தலைவிகளின் ஆட்சியில்தான் இருந்தது. நடுவில் ஊர்க்காரர்கள் தலையெடுக்கப் பார்த்தார்கள். 1477-ல் மடத்தலைவி ஹெட்விக் தன் அண்ணன் தம்பிகளான சாக்சனிப் பிரபுக்களின் படையைக் கூட்டிவந்து அடக்கிவிட்டார். நகரச் சுதந்திரத்தின் அடையாளமாகச் சந்தையில் நின்ற ரோலண்ட் சிலையைக் கவிழ்த்துப் போட்டார்கள், திரும்ப நிறுத்தியது 1869-ல்.

இதெல்லாம் வீட்டுக்கு எதற்கு என்றால், இந்த ஊரில் பல நூற்றாண்டுகளின் தச்சு வேலையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது. வோர்ட்காஸ்ஸே தெருவில் 3-ஆம் எண் வீடு 1346-47 வாக்கில் கட்டியது என்று மரத்தின் வளையங்களை எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார்கள், இப்போது அது மரச்சட்டக் கட்டடங்களுக்கான அருங்காட்சியகம். அதில் தூண்கள் தரையிலிருந்து கூரைவரை ஒரே மரமாகப் போகும், உத்திரங்களைத் தூணில் துளைத்துச் சொருகியிருப்பார்கள். பிற்பாடு அவ்வளவு நீள மரம் கிடைப்பதும் கஷ்டம், துளை போட்ட இடத்தில் தூண் பலவீனமாவதும் தெரிந்துவிட்டது, அதனால் ஒவ்வொரு மாடியையும் தனித்தனிப் பெட்டியாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்கள். அப்படி அடுக்கும்போதுதான் மேல்மாடி கொஞ்சம் தெருப்பக்கமாக நீட்டிக்கொண்டு வரும். தரைப்பரப்புக்குத்தான் வரி, அதனால் மேலே நீட்டினார்கள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். எங்கள் தச்சருக்கு அந்தக் கதை பிடிக்காது. நீட்டிய முனையில் மேல்சுவர் உட்காரும்போது உத்திரத்தின் நடுப்பகுதி தொய்வது குறையும், மேலே விழும் மழை கீழ்ச்சுவரில் படாமல் சொட்டும், அறையும் ஒரு சாண் பெரிதாகும், இதற்குமேல் காரணம் எதற்கு என்பார்.

இவ்வளவு வீடுகள் மிஞ்சியதே அதிர்ஷ்டம். பக்கத்து ஊர் ஹால்பர்ஷ்டாட்டின் பழைய நகரம் 1945 ஏப்ரல் 8 குண்டுவீச்சில் பெரும்பாலும் எரிந்துபோனது. க்வெட்லின்பர்க் போரில் தப்பித்தது, ஆனால் அப்புறம் வந்த கிழக்கு ஜெர்மன் காலம் வேறு விதமாக அரித்தது. வாடகையைப் பழைய அளவிலேயே உறையவைத்துவிட்டார்கள், அந்தக் காசில் ஓடு மாற்றக்கூட முடியாது, சிமென்ட்டும் பலகையும் புது அடுக்குமாடிகளுக்குப் போய்விடும். ‘ஆயுதம் இல்லாமலே இடிபாடுகளை உருவாக்குவோம்’ என்று அந்த நாட்களில் மக்கள் கேலி செய்வார்களாம், ‘ஆயுதம் இல்லாமல் அமைதியை உருவாக்குவோம்’ என்ற அமைதி இயக்கத்தின் கோஷத்தைத் திருப்பிப் போட்ட கேலி. 1960-களில் பழைய நகரத்தையே இடித்துவிட்டு நடுவில் பெரிய சதுக்கமும் கான்கிரீட் கட்டடங்களும் போடத் திட்டமிட்டார்கள், பணம் இல்லாததால் நின்றது. வறுமை காப்பாற்றிய ஊர் இது என்று சொன்னால் தப்பில்லை. போலந்திலிருந்து வந்த மறுசீரமைப்புத் தொழிலாளர்கள் சில வீடுகளைச் சரிசெய்தார்கள், இன்னொரு பக்கம் சில தெருக்கள் இடிக்கவும் பட்டன, 1990-ல் இரு ஜெர்மனியும் இணைந்தபோது பல வீடுகள் ஆளில்லாமல் கூரை ஒழுகிக்கொண்டு நின்றன. 1994-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இப்போதும் சரிசெய்யாத வீடுகள் ஊரில் இருக்கின்றன, எங்களுக்குக் கிடைத்தது அதில் ஒன்று.

இனி வீட்டுக்கு வருகிறேன். 17-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், முப்பதாண்டுப் போர் முடிந்து ஊர் மூச்சுவிட்டபின் கட்டியது. வயலும் வைத்துக்கொண்டு ஊருக்குள்ளும் குடியிருந்தவர்களின் வீடு, வண்டி உள்ளே போகிற வாசல், பின்னால் முற்றம், தொழுவம். தெருப்பக்கம் பார்த்தால் மரமே தெரியாது. கீழ்மாடி முழுக்கச் சிமென்ட் பூச்சு, மேலே சாம்பல் நிற பிளாஸ்டிக் பெயின்ட். இடையிடையே யாரோ பிளவுகளைச் சிலிகான் வைத்து அடைத்திருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, கிடைத்த பொருளைக் கொண்டு வீட்டைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த வகை வீட்டைக் கொல்வதும் அதுதான். ஓக் மரம் நனைவதால் கெடாது, நனைந்தது காயாமல் போவதால்தான் கெடும். மரம் வெயிலுக்குச் சுருங்கும், மழைக்கு உப்பும். பக்கத்தில் இருக்கிற பூச்சு அப்படி அசையாது, அதனால் இரண்டுக்கும் நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு பிளவு எப்போதும் இருக்கும், அதை எதைக் கொண்டும் நிரந்தரமாக அடைக்க முடியாது. காற்றோடு அடிக்கும் மழை அந்த வழியாக உள்ளே போகும். மண்ணும் சுண்ணாம்பும் இருந்தால் அந்த ஈரத்தை அவை உறிஞ்சி மெதுவாக வெளியே விட்டுவிடும். சிமென்ட்டும் சிலிகானும் இருந்தால் உள்ளே போன நீர் உள்ளேயே தங்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடிக்காது, அதற்குமேல் வாரக்கணக்கில் நின்றால் பிடிக்கும் ஆபத்து உண்டு. சிமென்ட்டைத் தட்டி எடுத்த அன்று வெளியே பார்க்க முழுசாக இருந்த அடிச்சட்டத்தைத் தச்சர் ஸ்க்ரூடிரைவரால் குத்தினார், கைப்பிடிவரை உள்ளே போனது. தெருப்பக்கத்தில் பாதி நீளம் அப்படி. சிமென்ட் பூசாத முற்றத்துப் பக்கமோ கல்மாதிரி இருந்தது, அங்கே குத்திய ஸ்க்ரூடிரைவர் நுனிதான் வளைந்தது. ஒரே வீடு, ஒரே வருடத்து மரம்.

அடிச்சட்டம் மாற்றுவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். வீட்டை மொத்தமாகத் தூக்குவதில்லை. ஒவ்வொரு தூணாகப் பக்கத்தில் முட்டுக்கொடுத்து, ஜாக்கி வைத்து, எடையை மட்டும் எடுத்துவிடுவார்கள், சில மில்லிமீட்டர் உயர்ந்தால் போதும். இற்ற பகுதியை அறுத்தெடுத்துவிட்டுப் புதுத் துண்டைச் சொருகி, பழையதோடு நீளமான சாய்வு வெட்டில் பொருத்தி ஓக் மரஆணி அடிப்பார்கள். தூணின் கால் கெட்டிருந்தால் தூணை மாற்ற வேண்டியதில்லை, கெட்ட அளவுக்கு அறுத்துவிட்டுப் புதுக்கால் ஒட்டுவார்கள். புது மரம் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும், முடிந்தால் வேறு இடிந்த வீட்டிலிருந்து எடுத்த பழைய ஓக். இதில் வேடிக்கை, முதலில் கட்டியவர்கள் பச்சை மரத்தைத்தான் பயன்படுத்தினார்கள். குளிர்காலத்தில் வெட்டி அடுத்த வருடத்துக்குள் நிறுத்திவிடுவார்கள். செதுக்கவும் சுலபம், முழு வீடும் ஒன்றாகக் காய்ந்து மூட்டுகள் இறுகும். காய்ந்து நிற்கிற வீட்டில் பச்சைத் துண்டை வைத்தால் அது மட்டும் சுருங்கித் தனியாக இடைவெளி விட்டுவிடும். இரும்புத் தகடு வைத்து முடிக்கலாமே என்று ஒரு ஒப்பந்ததாரர் சொன்னார், விலையும் குறைவு. குளிரில் இரும்பின்மேல் வியர்க்கும், அந்த நீர் நேரே மரத்துக்குத்தான் போகும் என்று தச்சர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதைக் கேட்டோம்.

பூச்சையெல்லாம் எடுத்தபின் மூட்டுகளுக்குப் பக்கத்தில் உளியால் கொத்திய கோடுகள் தெரிந்தன. தச்சர்கள் முதலில் ஒரு மைதானத்தில் சுவர் முழுவதையும் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள், சொருகுவதற்காகச் சட்ட முனையில் செதுக்கிய ஒவ்வொரு கழுந்துக்கும் அதற்கான துளைக்கும் ஒரே எண்ணைக் கொத்துவார்கள், அப்புறம் கழற்றி மனைக்குக் கொண்டுவந்து எண் பார்த்து நிறுத்துவார்கள். ரோமன் எண் மாதிரிதான், ஆனால் நான்குக்கு நான்கு கோடு, ஒன்பதுக்கு ஐந்தின் குறியும் நான்கு கோடும், குழப்பமே வரக்கூடாது என்று. இடப்பக்கச் சுவரா வலப்பக்கமா என்று காட்ட ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. இந்தக் குறிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் எந்தத் தூண் பிற்பாடு மாற்றியது, எந்தக் கதவு ஒரு காலத்தில் ஜன்னலாக இருந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு பக்கம் வரிசை நடுவில் துண்டித்துக்கொண்டு வேறு எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறது, அந்தப் பகுதி வேறொரு வீட்டிலிருந்து பிரித்து வந்த மரம். மரம் விலையுயர்ந்த பொருள், இடித்த வீட்டின் உத்திரத்தை யாரும் எரித்துவிட மாட்டார்கள். அதனால் ஒரே ஒரு மரத்தின் வளையத்தை எண்ணிப் பார்த்து வீட்டின் வயதைச் சொல்லிவிடாதீர்கள், பல இடத்தில், முடிந்தால் பட்டை ஓரம் மிஞ்சியிருக்கும் இடத்தில், மெல்லிய துளை போட்டு மாதிரி எடுக்க வேண்டும். பட்டை ஓரம் இருந்தால் வெட்டிய பருவம்வரை சொல்லிவிடுவார்கள்.

கட்டங்களை அடைக்கிற வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, நாங்களே கையால் செய்ததும் அதுதான். மேலும் கீழும் உள்ள சட்டங்களில் குத்துக்கட்டைகளைச் சொருகி, வில்லோ விளாரைக் குறுக்கே பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை இரண்டு பக்கமும் அப்புவது. நம் ஊர் வரிச்சுச் சுவர்தான், வேறொன்றுமில்லை. போனில் படம் பார்த்த என் பெரியம்மா, இதற்கா ஜெர்மனிக்குப் போனாய் என்று கேட்டார். பழைய மண்ணைத் தூக்கிப் போடாதீர்கள், தண்ணீரில் ஊறவைத்தால் திரும்பவும் மண்ணாகிவிடும், புது வைக்கோல் சேர்த்து அதையே பயன்படுத்தலாம். சிமென்ட் ஒட்டிய துண்டுகளையும் உப்புப் பூத்த தொழுவத்து மண்ணையும் மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். மண் காய மாதங்கள் ஆகும், ஈரமாக இருக்கும்போது உறைபனி பிடித்தால் உதிர்ந்துவிடும், ஆகவே வசந்தத்தில் ஆரம்பித்துக் கோடைக்குள் அப்பி முடித்துவிடுவது நல்லது. மண் முழுசாகக் காய்ந்தபின் மேலே சுண்ணாம்புப் பூச்சு. அது மரத்தின் முகத்தோடு ஒரே மட்டத்தில் முடிய வேண்டும். தலையணைபோல் உப்பலாக மரத்தைவிட முன்னால் வந்தால் பார்க்க அழகு என்று சிலர் செய்கிறார்கள், அதன் விளிம்பில் மழை தங்கி நேராகச் சட்டத்துக்குள் இறங்கும். மரமும் பூச்சும் சேரும் இடத்தில் கரண்டியால் ஒரு கோடு வெட்டிவிட வேண்டும், எப்படியும் பிளக்கப் போகிறது, நாம் சொன்ன இடத்தில் நேராகப் பிளக்கட்டும். அதற்குள் எதையும் திணிக்கக்கூடாது.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய்ப் பெயின்ட். நிறம் எது என்று சண்டை வரும். எல்லா ஃபாக்வெர்க்கும் கறுப்பு வெள்ளை என்ற எண்ணம் ரொம்பப் பிற்காலத்தது. பூச்சு ஆய்வாளர் எங்கள் வீட்டில் சின்னச் சின்னச் சதுரங்களாகச் சுரண்டி அடுக்கடுக்காகக் காட்டினார்: மேலே பழுப்பு, அதற்குக் கீழே காவி மஞ்சள், அடியில் இரும்பு ஆக்சைடு சிவப்பு. சிவப்புச் சாயத்தை வெள்ளைக் கட்டத்துக்குள்ளும் ஓரங்குலம் இழுத்துவிட்டு ஒரு கறுப்புக் கோடு போட்டிருந்தார்கள், கோணலான சட்டம் கூட நேராகத் தெரியும் தந்திரம். அதையே திரும்பச் செய்தோம். இன்னொன்று, உங்கள் வீட்டின் பூச்சைப் பெயர்த்து மரத்தைக் காட்டத்தான் வேண்டும் என்று இல்லை. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கல்வீடுபோல் தெரிய வேண்டும் என்பதற்காகவும் தீக்குப் பயந்தும் முதலிலிருந்தே பூச்சுக்குள் மறைக்கத் திட்டமிட்டுக் கட்டிய வீடுகள் நிறைய. அவற்றில் மெலிந்த, வளைந்த மரம், செதுக்கு வேலை எதுவும் இருக்காது. அதைத் திறந்துவிட்டால் அழகும் வராது, பாதுகாப்பும் போய்விடும்.

குளிருக்கு என்ன செய்வது என்பது அடுத்த பெரிய கேள்வி. வெளியே தெர்மோகோல் ஒட்ட முடியாது, உள்ளே தடிமனாக வைத்தாலும் ஆபத்து, சுவர் ரொம்பக் குளிர்ந்து அறையின் ஈரம் மரத்துக்குப் பக்கத்திலேயே நீராகும். இடைவெளியே இல்லாமல் களிமண் சாந்தில் மர இழைப் பலகையை ஒட்டினோம், ஆறு சென்டிமீட்டர்தான். அதற்குமேல் மண்பூச்சு, பூச்சுக்குள் சூடுநீர்க் குழாய். பிளாஸ்டிக் தாள் எங்கேயும் இல்லை. புது வீட்டளவுக்குச் சேமிப்பு வராது, ஆனால் சுவரே கதகதப்பாக இருப்பதால் காற்றின் வெப்பநிலை குறைவாக இருந்தாலும் உடம்புக்குத் தெரிவதில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடத்துக்கு எரிசக்திச் சட்டத்திலும் விலக்கு உண்டு. எங்களுக்கு ஊரும் உதவியது, ஹார்ஸ் மலையின் மழை நிழலில் இருப்பதால் இங்கே மழை குறைவு. மேற்கு ஜெர்மனியில் மழை அதிகமான ஊரில், காற்றுப் பக்கம் பார்த்த சுவருக்கு இதே முறை போதாது; அங்கெல்லாம் பழைய ஆட்களே அந்தப் பக்கத்தைப் பலகையோ ஸ்லேட்டோ வைத்து மூடியிருப்பதைப் பார்க்கலாம்.

தரை கோணல். மேஜையில் பென்சில் வைத்தால் உருளும். கான்கிரீட் ஊற்றிச் சமப்படுத்தலாம் என்று யோசனை சொல்வார்கள், அந்த எடையைப் பழைய உத்திரம் கேட்கவில்லை. நாங்கள் மேஜைக்காலை அறுத்தோம்.

பண விஷயம். நினைவுச்சின்னப் பாதுகாப்பு அலுவலகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் ஒரு ஆணி அடிப்பதற்கு முன் அவர்களிடம் போங்கள். காரணம் மரியாதை மட்டும் இல்லை. சொந்தமாகக் குடியிருக்கிறவர்கள் மறுசீரமைப்புச் செலவில் ஆண்டுக்கு 9 சதவீதம்வரை, பத்து வருடத்துக்கு வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வாடகைக்கு விட்டால் முதல் எட்டு வருடம் 9 சதவீதம், அடுத்த நான்கு வருடம் 7 சதவீதம், அதாவது முழுச் செலவும். வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொன்றையும் அலுவலகத்தோடு பேசி ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், முடிந்தபின் அவர்கள் தரும் சான்றிதழ் இல்லாமல் வரி அலுவலகம் ஏற்காது. வேலையை முடித்துவிட்டுப் போய் நின்றால் எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் கிடையாது. மானியத்துக்கும் பெரும்பாலும் இதே கதைதான். எங்களிடம் வந்த அதிகாரி பிளாஸ்டிக் ஜன்னலுக்கு மட்டும் மறுத்தார், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் கதவு வரிசை உள்ள பழைய இரட்டைப் பெட்டி ஜன்னல்களையே பழுதுபார்க்கச் சொன்னார், இப்போது வீட்டில் அதிகம் பிடித்தது அந்த ஜன்னல்கள்தான். செலவில் ஒரு பங்கைத் திட்டத்திலேயே சேர்க்காமல் தனியாக ஒதுக்கிவையுங்கள், மூடியிருக்கிற சுவருக்குப் பின்னால் இருப்பதை யாராலும் மதிப்பிட முடியாது. ஓக் மரத்தை வண்டு அரித்தால் கூடச் சமாளிக்கலாம், பெரும்பாலும் மேல்தோல்தான் போகும், உள்ளே கெட்டியாக இருக்கும். உண்மையான வீட்டுப்பூஞ்சை வந்திருந்தால் கதை வேறு. அது செங்கல் சுவருக்குள்ளேயும் நூல்விட்டுப் பரவும், ஈரமில்லாத மரத்துக்கும் தானே நீரைக் கொண்டுபோகும், தெரிகிற இடத்துக்கு அப்பால் குறைந்தது ஒரு மீட்டர் மரத்தை அறுத்தெறிய வேண்டியிருக்கும். வாங்கும்முன் இதற்கென்றே ஒரு மர நிபுணரை அழைத்துச் செல்லுங்கள், சாதாரணக் கட்டட மதிப்பீட்டாளர் போதாது.

வீடு பார்க்கப் போவதானால் நல்ல மழை நாளாகப் பார்த்துப் போங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, பீலி எங்கே ஒழுகுகிறது, தெருவின் மட்டம் காலப்போக்கில் உயர்ந்து அடிச்சட்டத்தைப் புதைத்துவிட்டதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரியும். கையில் டார்ச், ஈரம் அளக்கும் கருவி, ஒரு ஸ்க்ரூடிரைவர். குத்துவதற்கு முன் உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள், வேண்டாம் என்று சொன்னால் விலையைப் பற்றி மறுபடி யோசியுங்கள்.